கால் டாங்கி

பாயான் லெப்பாஸ். இரவு ஷிப்ட் முடிந்த காலை.
ஜன்னலுக்கு மேலே நிஜ விமானம் ஒன்று
சக்கரம் விரித்து இறங்குகிறது.
என்னுடையதோ ஏற மறுக்கிறது.

நாலாயிரம் மீட்டர். மூக்கைத் தூக்கினால்
பஃபலோ பெயருக்கேற்ற எருமையாய்
மூச்சு வாங்குகிறது.
அதே விமானம், அதே எஞ்சின்,
'கோசோங்' என்ற பெயரில் எவனோ ஒருவன்
என் தலைக்கு மேல்
மாடிப்படி ஏறுவதுபோல் ஏறுகிறான்.

ரேடியேட்டரை மூடினேன். ட்ரிம் திருகினேன்.
தொழிற்சாலையில் பழுதான சில்லுக்கு எழுதுவதுபோல்
வேகம், உயரம், வெப்பம் என்று
நோட்டில் குறித்தேன். பதினேழு முறை.
பதினேழு முறையும்
பட்டர்வொர்த் பக்கக் கடலில்தான் விழுந்தேன்.

ஏமாற்றுக்காரா என்று எழுதி அனுப்பினேன்.
பதில் தமிழில் வந்தது:
"டாங்கி எவ்வளவு, பாஸ்?"

முழுசு. எப்போதும் முழுசுதான்.
பாலத்து நடுவில் மோட்டார் சைக்கிள் நின்றுபோய்
மழையில் தள்ளிய ராத்திரியிலிருந்து
முள் பாதிக்கு வந்தாலே பெட்ரோல் போடுகிறவன் நான்.
அவன் கால் டாங்கியில் கிளம்புகிறான்.
வீடு திரும்பும் கணக்கே அவனிடம் இல்லை.

இன்று நானும் கால் டாங்கி.
அந்த இலேசு முதலில் கைக்குத்தான் தெரிந்தது.
இரண்டு பேரை வீழ்த்தினேன்,
கோசோங் அதில் இல்லை.
பிறகு எஞ்சின் இருமியது. நின்றது.
ஹெட்போனில் காற்று மட்டும்.

கீழே தீவு,
நாற்பத்தொன்றின் விளக்கணைத்த தீவு.
பாலம் இன்னும் கட்டப்படவில்லை.
இறங்கித் தள்ளிக்கொண்டு போகவும்
வழியில்லை.