நிற்கும் வண்டியின் வேகம்

நிற்கும்போதும் இந்த வண்டிக்கு ஒரு வேகம் உண்டு.
மடிப்பாக்கம், எங்கள் ஃபிளாட்டின் தரைத்தளம்,
பதினைந்து ஆம்பியர் பிளக்.
செருகிவிட்டால் மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர்,
டியூஷனுக்குச் சைக்கிளில் போகும் பையனின் வேகம்.
சக்கரம் அசையாது.
ஏழாம் தூணுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே
நின்றது நின்றபடி
பால் பாக்கெட் விழுவதற்குள் செங்கல்பட்டைத் தாண்டியிருக்கும்.
நான் கண்விழிக்கும்போது விழுப்புரம்.

ஏசி சார்ஜிங் என்று மனுவில் எழுதியிருந்தேன்.
செயலாளர் வேதகிரி கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி
"நிக்கிற வண்டிக்கு எதுக்கும்மா ஏசி?" என்றார்.
அந்த ஏசி இல்லை சார்.
சுவரில் வருவது முன்னும் பின்னும் ஆடுகிற மின்சாரம்,
பேட்டரிக்கு ஒரே திசையில் போகிறதுதான் ஆகும்,
மாற்றித் தருகிற பெட்டி
வண்டியின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது என்றேன்.
"மீட்டர் தனியா வெச்சுக்குங்க."
அது ஒன்றுதான் புரிந்தது அவருக்கு.
சரியாகத்தான் புரிந்தது.

தேவசகாயம் பழைய ஒயரை விரலில் உருட்டிப் பார்த்தான்.
"ராத்திரி முழுக்க இழுத்தா இது காயும்க்கா, மாத்திடறேன்.
சுவர்ப்பெட்டி வேணும்னா இன்னும் தடிமனா போடணும்,
லோடும் ஏத்தணும்."
சுவர்ப்பெட்டி என்றால் ஏழு கிலோவாட்,
மணிக்கு நாற்பது கிலோமீட்டர், ஷேர் ஆட்டோ வேகம்.
ஈபி ஆபீசில் எழுதிக் கொடுத்துப் பதினோரு வாரம்.
நின்றபடி ஓடத் தெரியாது அந்த மனுவுக்கு.

ஞாயிற்றுக்கிழமை, வேளச்சேரி மால், இரண்டாம் அடித்தளம்.
பச்சைக் கம்பத்தில் இருபத்திரண்டு என்று
கொட்டை எழுத்து.
நாற்பது யூனிட் பேட்டரிக்கு மணிக்கு இருபத்திரண்டு,
பாதி நிரம்பிவிடும், படம்கூடப் பார்க்க வேண்டாம்.
செருகினேன். திரையில் ஏழு புள்ளி ஒன்று.
பிடுங்கிச் செருகினேன். ஏழு புள்ளி ஒன்று.
ஹெல்ப்லைன் பையன் கொட்டாவியோடு சொன்னான்:
"கம்பம் இருபத்திரண்டு தரும் மேடம்.
மூணு பேஸ்ல ஒண்ணைத்தான் உங்க வண்டி தொடும்.
ஏழுதான் வாங்கும்."

இந்த வாக்கியத்தை நான் எங்கோ சொல்லியிருக்கிறேன்.

ராயபுரம், டயாலிசிஸ் வார்டு, மூன்றாம் படுக்கை.
காசிமேட்டில் மீன் ஏலம் விடும் இன்பராஜ்,
வாரம் மூன்று ராத்திரி, நான்கு நான்கு மணி நேரம்.
"சிஸ்டர், மிஷின்ல ஐநூறு வரைக்கும் நம்பர் இருக்கே,
ஏத்தி உடேன். ரெண்டு மணிக்கு படகு வந்துரும்."
மிஷின் ஐநூறு ஓடும் அண்ணா,
உங்க கை முந்நூறுதான் தரும்.
ஐஸ் போடாத கூடையைப் பார்ப்பதுபோல்
தன் கையையே பார்த்தார் அவர்.

அப்படித்தான் பார்த்தேன் நானும்
பானட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பெட்டியை.

பின்னால் வந்து நின்ற வெள்ளைக் காரிலிருந்து ஒருவர் இறங்கி
"இது ஃபாஸ்ட் சார்ஜரா?" என்றார்.
உங்கள் வண்டி எவ்வளவு வாங்கும் என்று கேட்டேன்.
சாவியை எடுத்துக் காட்டினார்.
பார்க்கிங் மணிக்கு அறுபது ரூபாய்.
ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்கும் வார்டுக்கும் போய்வர நாற்பத்திநான்கு கிலோமீட்டர்.
அதைச் சம்பாதிக்கச் சுவருக்கு இரண்டரை மணி நேரம்.
மே மாதத்தில் மூன்றே கால்:
மாடி முழுக்க அந்த இன்னொரு ஏசி ஓடும்,
வோல்டேஜ் நூற்றுத் தொண்ணூறுக்கு இறங்கும்,
சைக்கிள் பையன் மேம்பாலம் ஏறுவதுபோல் பதினாலில் மிதிப்பான்.

பன்னிரண்டரைக்கு வந்து செருகுகிறேன்.
ஒயரைத் தொட்டுப் பார்க்கிறேன், சூடில்லை.
மாடி ஏறுமுன் பானட்டில் இரண்டு விரல் வைக்கிறேன்,
இன்பராஜ் மணிக்கட்டுக்கு மேலே
ஊசி போடுமுன் வைப்பதுபோல்.
மெலிதாக ஒரு கிர்ர்ர்.
ஓடுகிறது.