எண்ணெய் ஏறிய வழி

இரண்டாம் கியரிலேயே மேடெல்லாம் ஏறி
வந்து சேர்ந்திருக்கிறது கார்,
வுப்பர்டாலின் நவம்பர் மழையில்,
பின்னால் வந்த பஸ்காரனிடம்
வழி முழுக்க ஏச்சு வாங்கிக்கொண்டு.

ஃபிரௌ ஓடன்தால் மருத்துவிச்சி.
நோ எப்போது தொடங்கியது என்று
மற்றவர்களைக் கேட்டுப் பழகியவர்.
நான் கேட்டதும் கொப்பியைத் திறந்தார்:
செவ்வாய், விடிய ஐந்தேகால், மேட்டில் ஒரு உதறல்.
நிறுத்தித் திறப்பைத் திருப்பி மறுபடி எடுத்தால்
ஒன்றும் நடக்காததுபோல் ஓடும்,
அடுத்த மேடு வரை.

போன கராஜில் கியர்பெட்டியே போச்சு என்றார்களாம்.
நாலாயிரத்து இருநூறு யூரோ.
அந்தத் தாளை நாலாக மடித்து வைத்திருந்தார்,
மரண அறிவித்தல் மாதிரி.

கணினியைக் கொழுவினேன்.
வேக சென்சர் பிழை என்றது.
கடைசியாகக் கத்தியவனைத்தான்
அது எப்போதும் பிடித்துத் தரும்.
சென்சருக்குப் போகும் வயரை அளந்தேன். ஆறு வோல்ற்.
ஆட்டினேன். ஆறு.
இன்னும் ஆட்டினேன்.
நாலு. ஆறு. ஒன்று. ஆறு.

கட்டுப்பாட்டுப் பெட்டி இருப்பது மேலே,
முன்கண்ணாடிக்குக் கீழே.
பிளக்கைக் கழற்றினால் விரலில் சிவப்பு.
முகர்ந்தேன்.
கியர் எண்ணெய்.
கீழே கிடக்கவேண்டியதற்கு இங்கே என்ன வேலை?

எண்ணெய் மேல்நோக்கி ஒழுகாது என்றான் யூர்கன்,
முப்பது வருசத்தையும் கைகட்டி நிறுத்திக்கொண்டு.
ஒழுகாது. ஏறும்.
செப்பு இழைக்கும் அதன் தோலுக்கும் நடுவே,
திரியில் ஏறுகிற மாதிரி,
நாளுக்கு ஒரு மயிரளவு.
சுடர்தான் இல்லை.

காருக்கடியில் போய்ப் படுத்தேன்.
வயர் நுழையும் வாயில் இரண்டு ரப்பர் வளையம்,
மோதிரம் அளவு, நகம்போல் இறுகி.
புதுப் பிளக் பதினாறு யூரோ.
துடைக்கத்தான் அரைநாள் போனது.

ஓட்டிப் பார்க்க அவரே ஏறினார். நான் பக்கத்தில்.
மேட்டில் கியர் மாற மாற
விரலை மடித்து எண்ணினார், நம்பாமல்.
நாலாவது விரலில் போன் அடித்தது.
‘குத்து எத்தனை நிமிடத்துக்கு ஒருக்கா?’ என்றார் போனில்.
பதில் கேட்டு ஓரங்கட்டினார்.
என்னைப் பார்த்தார்.
நான் மீற்றரோடு இறங்கிக்கொண்டேன்.

மழை விடவில்லை.
குடை கராஜில்.
வளைவு வரை காது கொடுத்து நின்றேன்:
இரண்டு... மூன்று...
நாலு கேட்கும் முன்
குறுக்கே ஒரு லொறி.