ஒரு சென்டிமீட்டர்

காலை ஆறு மணிக்கு
மீனாட்சிபுரம் தாண்டித் தடுப்பணையில்
நானும் ஓமனக்குட்டனும் குந்துவோம்.
எதிரே தண்ணீருக்குள் நட்ட அளவுப்பலகை.
அவருக்கொரு நோட்டு, எனக்கொன்று.
பேனா மட்டும் ஒன்றுதான்,
என்னுடையது கசியும்.

கொடுப்பது நாங்கள், வாங்குவது அவர்கள்.
ஆகவே அலை ஏறும்போது நான் படிப்பேன்: நாற்பத்துமூன்று.
இறங்கும்போது அவர்: நாற்பத்திரண்டு.
இரண்டும் பொய்யில்லை.
அந்த ஒரு சென்டிமீட்டரில்
எத்தனை ஏக்கர் நெல் என்று அவரும்
எத்தனை தென்னை என்று நானும்
மனப்பாடமாய்ச் சொல்வோம்.

முதல் மாதம் வெறும் கத்தல்.
"வெள்ளம் குறவாணு" என்றார்.
வெள்ளமே வரலையே, அதிலென்ன குறைச்சல் என்றேன்.
தண்ணீரைத்தான் சொல்கிறார் என்று புரிவதற்குள்
டீ ஆறிவிட்டது.
பிறகு சான்றுகள் வந்தன.
பாசி, காற்று, பலகையின் சாய்வு,
என் கண்ணாடியின் பவர்.
ஒருநாள் என் கட்சியை அவரே எடுத்துச் சொல்லி
"இதானே சொல்ல வந்தீங்க?" என்றார்.
மறுக்க வாயெடுத்தேன்.
நான் சொன்னதைவிட நன்றாக இருந்தது.
அன்றைக்குத்தான் சண்டை ருசிக்கத் தொடங்கியது.

ஆடியில் அவர் மகளுக்கு டெங்கு.
கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து போன்:
"நாச்சிமுத்து, என் நோட்டையும் நீங்களே எழுதிடுங்க."
எழுதிவிடலாம், நாற்பத்திரண்டு, ஒரு நொடி வேலை.
வாதாடாமல் எப்படி எழுத?
அவர் குந்தும் கல்லுக்கு நகர்ந்தேன்.
அவர் குரலில் சொன்னேன்,
மேல்காற்று அடிக்கிறது பாரும்,
தண்ணீரைப் பலகைமேல் ஏற்றிக் காட்டுகிறது.
என் கல்லுக்குத் திரும்பினேன்.
வழக்கமான பதில் கைவசம் இருந்தது.
கேட்க ஆளில்லாதபோது
அதைச் சொல்ல வெட்கமாயிருந்தது.
மீன்கொத்தி ஒன்று பலகை உச்சியில் உட்கார்ந்து
ஐம்பதின்மேல் எச்சமிட்டுப் போனது.
இரண்டு நோட்டிலும் நாற்பத்திரண்டு எழுதினேன்.

நாலாம் நாள் தாடியோடு வந்தார்.
மகள் கஞ்சி குடிக்கிறாளாம்.
நோட்டுகளைப் புரட்டினார், என்னைப் பார்த்தார்,
மறுபடி புரட்டினார்.
"எந்தா இது? மூணு நாளும் ரெண்டு நோட்டும் ஒண்ணா?
நாம ஆத்தப் பாக்கவே வரலைன்னுல்ல நினைப்பாங்க
ரெண்டு ஆபீஸிலயும்."
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு தெரியாத்தனமாய் என் கல்லில் உட்கார்ந்து,
"காத்து அவ்வளவு அடிச்சிருக்காது" என்றார்.
"நாப்பத்துமூணாத்தான் இருந்திருக்கும்."
அடித்தது என்றேன்.
இல்லை என்றார்.
நீர் அங்கே இருந்தீரா என்றேன்.
நீங்க சரியாப் பாத்தீங்களா என்றார்.

டீ கொண்டுவந்த ரபீக்
இதில் யார் எந்த ஸ்டேட் என்பதுபோல்
கிளாஸை யாரிடம் நீட்டுவதென்று
நின்றுகொண்டிருந்தார்.