எம்.டி. என்று மட்டும் போட்ட பலகை

குலசேகரம் வண்டியில் வடசேரி வந்திறங்கும்போது
எக்ஸ்ரே உறை மடியில் வளைந்திருந்தது.
செட்டிகுளம் வரை நடந்தேன்.
முட்டுக்கு ஒருவர், மூக்குக்கு ஒருவர்,
இடது கண்ணுக்கு மட்டும் தனியாக இருப்பாரோ என்னவோ.
எனக்கு வலி ஓரிடத்தில் நிற்கிறதில்லை.
சாயங்காலம் காய்ச்சலாக வரும்,
விடியும்முன் விரல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

"எந்த டாக்டரைப் பாக்கணும்?"
பெரிய ஆஸ்பத்திரி வரவேற்பில் கேட்டவளிடம்
என்னை மொத்தமாகக் காட்டணும் என்றேன்.
கணினியில் தேடினாள்.
தேடிக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

மருந்துக்கடை வில்பிரட்தான் சொன்னான்:
டயர் கடை மாடி. பலகையில் எம்.டி. மட்டும் இருக்கும்,
வேறொன்றும் எழுதியிருக்காது.

டோக்கன் நாற்பத்தொன்று.
கீழே சக்கரத்துக்குக் காற்றடிக்கும் சத்தத்தில்
பெயர் கேட்காமல் இரண்டு பேர் முறையைத் தவறவிட்டார்கள்.

உறையைத் திறக்கவில்லை அவர்.
நகத்தைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார்,
மணிக்கட்டில் உறைந்த ரப்பர் பாலைச் சுரண்டி
முகர்ந்து பார்த்தார்.
"பால்வெட்டுக்கு எத்தனை மணிக்கு எழும்புவீங்க?"
மூன்று.
"மழையில?"
மழையில் வெட்டில்லை, கூலியும் இல்லை.
அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு பேனாவை மூடி,
"என்னண்ணு இன்னும் பிடிகிடைக்கல்ல.
இந்த ரத்தத்த மட்டும் பாத்துட்டு வியாழக்கிழம வாங்க" என்றார்.

படியிறங்கும்போது நோய் அப்படியேதான் இருந்தது.
இருந்தாலும் இந்த நாகர்கோவிலில் ஒருவருக்கு
என் மூன்று மணி தெரியும்.

திரும்பும் வண்டியில் ஜன்னலோர இருக்கை நனைந்து கிடந்தது.
எக்ஸ்ரே உறையை விரித்து
அதன்மேல் உட்கார்ந்தேன்.
தக்கலை தாண்டியும் மழை விடவில்லை.
நாளைக்கு வெட்டில்லை.