ரப்பர் கூடாது

என்ன வேலை என்று கேட்டால்
நிற்பது.
நாலு மீட்டர் அலுமினியக் கோலைப் பிடித்து
குமிழி வட்டத்தை விட்டு ஓடாமல்
நிற்பது.
ஐடிஐயில் இரண்டு வருஷம் சர்வேயர் படித்தது
இதற்குத்தானா என்று
லிங்கராஜபுரத்தில் கேட்காதவர் பாக்கியில்லை.
அப்ரண்டிஸ் பணம் ஏழாயிரத்துச் சில்லறை.
பஸ்ஸில் எங்களுக்குக் காசில்லை, அது லாபம்.

ஹொரமாவு தாண்டி ஒரு ராஜகால்வாய்.
புது வடிகால் எந்தச் சரிவில் ஓடும் என்று பார்க்க
காலை ஏழுக்கே இறங்கினோம்.
லெவலில் பூர்ணிமா, புத்தகத்தில் இம்தியாஸ், கோலில் நான்.
பூர்ணிமாவுக்கு என்னைவிட நாலு வயது கூட.
மூன்று வருஷம் முன்னால் அவளும் கோல்தான்.
அதைப் பேசமாட்டாள்.
'ஸ்வல்பா எடக்கே' என்பாள்,
நான் கொஞ்சம் இடப்பக்கம் சாய்வேன்.
அவ்வளவுதான் எங்கள் உரையாடல்.

தெரு எங்களைச் சும்மா விடாது.
மெட்ரோ வருதா?
என் காம்பவுண்டு போகுமா?
சைட் விலை ஏறுமா?
ஒரு அம்மா மட்டும் எதுவும் கேட்காமல்
தண்ணீர் கொடுத்துவிட்டு
கூடத்துச் சுவரைக் காட்டினாள்.
முழங்கால் உயரத்தில் பழுப்பாய் ஒரு கோடு.
போன மழையில் ஃபிரிட்ஜ் மிதந்ததாம்.
எங்கள் கருவி எதிலும்
அத்தனை மட்டமான கோட்டை நான் பார்த்ததில்லை.

விதி இது:
திருப்புப் புள்ளியில் கருவி இடம் மாறும்,
கோல் மாறக்கூடாது.
சாக்பீஸ் குறிமேல் நட்டது நட்டபடி
முகத்தை மட்டும் திருப்பிக்கொள்ளணும்.
ஆறாவது புள்ளியில்
ஜல்லி லாரி ஒன்று ரிவர்ஸில் வந்தது.
கோலைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினேன்.
லாரி போனதும் வைத்தேன்.
குறிமேல் இல்லை,
பக்கத்துக் கல்மேல்.
குமிழி நடுவில்தான் நின்றது. அதற்கென்ன தெரியும்?
பூர்ணிமா படித்தாள், இம்தியாஸ் எழுதினான்,
நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நாலு மணிக்குப் புறப்பட்ட ஆணிக்கே திரும்பினோம்.
ஒரு கிலோமீட்டர் சுற்று.
பன்னிரண்டு மில்லி வரைக்கும் மன்னிப்பு உண்டு.
வந்தது முப்பத்தெட்டு.

இம்தியாஸ் இரண்டு தரம் கூட்டினான்.
பூர்ணிமா முக்காலியின் கால்களைச் சந்தேகித்தாள்,
பிறகு வெயிலை,
பிறகு தன் கண்ணை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

'ஆறுல கோல் நகர்ந்துச்சு. நான்தான்.'

திட்டுவாள் என்று நின்றேன்.
எனக்கு நிற்கத்தான் தெரியுமே.
அவள் புத்தகத்தை வாங்கினாள்.
இம்தியாஸ் ரப்பரை நீட்ட,
கையைத் தட்டிவிட்டாள்.
தப்பான எண்மேல் ஒரே ஒரு கோடு,
கீழே இருப்பது படிக்கும்படி.
குறிப்புக் கட்டத்தில் பென்சிலால்:
கோல் நகர்ந்தது. பிரமிளா.

ஆறு மாதத்தில் ஆபீஸ் காகிதம் எதிலும்
என் பெயர் வந்தது அதுதான் முதல்.

ஐந்தாம் புள்ளியிலிருந்து மறுபடி.
இந்த முறை நாய் வந்தது, ஸ்கூட்டர் வந்தது,
ஊர்வலமாய் ஒரு விநாயகர்கூட வந்தார்.
சுற்றிக்கொண்டு போனார்கள்.
கடைசி இரண்டு அளவுக்கு
இம்தியாஸ் போன் டார்ச்சைக் கோல்மேல் அடித்தான்.
பூச்சிகள் எண்களில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தன.

முக்காலியைத் தோளில் போட்டுத் திரும்பும்போது
அந்த அம்மா கேட்டில் நின்றாள்.
முடிஞ்சுதா?
முடிஞ்சுதும்மா, என்றேன்.
ஏழு மில்லி மட்டும் எங்க போச்சுன்னு தெரியல.
அவள் திரும்பிச்
சுவரைப் பார்த்தாள்.