விட்டம் இல்லாத கோடு

கொழும்பில், என் திரையில்,
நோட்டன் பிரிட்ஜ் சரிவு முழுக்க ஒரே ஒரு கோடு.
இரண்டு வளைவு. தாங்கிகள் இருக்குமிடத்தில்
குட்டி முக்கோணங்கள்.
அனுமதித்ததில் நூற்றுக்கு அறுபத்திரண்டு என்றது மென்பொருள்.
எல்லாம் பச்சை.
அந்தப் பச்சையை நம்பி நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் தவச்செல்வி அழைத்தாள்:
"பெரிய பீலியில பெயின்ட் வெடிச்சிருக்கு சேர்.
ஏழாவது சேடில், ரெண்டு கொம்புக்கும் மேல."

ஹட்டனில் இறங்கியபோது மழை.
வேனில் போகும் வழியெல்லாம்
ஒரே வகுத்தல் கணக்கையே வகுத்துக்கொண்டு போனேன்.
ஆயிரத்து எண்ணூறு மில்லிமீட்டர் விட்டம்,
எட்டு மில்லிமீட்டர் தகடு:
இருநூற்று இருபத்தைந்து.
நான் எடுத்தாண்ட அட்டவணை நூறோடு நின்றுவிடும்.
அடியில் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறது.
படித்திருக்கிறேன்தான்,
அடகுச்சீட்டின் பின்பக்கத்தைப் படிப்பது போல.

தண்ணீரை இறக்கி, ஆள்துளை வழியே
டேப்போடு உள்ளே போனவள் அவள்.
கடதாசி நனைந்துவிட்டதால்
மணிக்கட்டில் எழுதிக்கொண்டு வந்தாள்.
குறுக்கே 1814.
மேலும் கீழும் 1783.
"இது வட்டமில்ல சேர்."

நிரம்பி அழுத்தம் ஏறினால் வட்டமாகிவிடும்.
பாதி நிரம்பும்போதுதான்
பக்கங்கள் தள்ளி வயிறு தொங்குகிறது;
தாங்கியின் கொம்பு
தகட்டின் விலாவில் குத்துகிறது.
நான் நிரம்பிய குழாயை மட்டும் கணக்கிட்டிருந்தேன்.
அதையும் கோடாக.
கோட்டுக்கு ஏது வயிறு?
வளையும், நீளும், எடை தாங்கும்.
நசுங்கத் தெரியாது அதற்கு.

வீரக்கோன் தொலைபேசியில் கேட்டார்:
"ஒரே வரியில சொல்லுங்க. பாஸா, ஃபெயிலா?"
"ஒரே வரியில சொன்னதுதான் பிழை, ஐயா."
அவருக்கு அது பகிடியாகக் கேட்டிருக்க வேண்டும்.
சிரித்தார்.

இனித் தகட்டைத் தகடாகவே வரைய வேண்டும்.
நாலு லட்சம் துண்டு, மூன்று கிழமை.
அதற்குப் பிறகும் வெல்டிங்காரர் விட்ட மேடுபள்ளமும்
ஏழாம் தாங்கியின் கீழே மண் இறங்கிய அளவும்
எனக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை.

கன்டீனில் பிளேன்டீ ஆற,
பச்சைப் பக்கத்தை அறிக்கையிலிருந்து எடுத்தேன்.
அந்த இடத்தில் எழுதினேன்:
"இம்முறை இக்குழாய்க்குச் செல்லாது."
என் பெயருக்கு மேல் அந்தச் 'செல்லாது'
எனக்கே சொன்னது போல இருந்தது.

வெளியே தவச்செல்வி
வால்வுச் சக்கரத்துக்குப் பக்கத்தில்
சுண்ணாம்புக் கட்டியால் எழுதிக்கொண்டிருந்தாள்:
பாதியில் நிறுத்தாதே.
மழை அழித்தது.
பெயின்ட் டின்னைத் தேடிப் போனாள்.