கால் சுற்று

கடையிலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள்,
கடையின் மேல் தவறில்லை என்று எழுதிவர.

வால்பரைசோ. மரிபோசாஸ் குன்று.
நூற்று எழுபத்திரண்டு படி.
பாதியில் சேர்ந்துகொண்ட நாயொன்று
வாசல்வரை வந்து விட்டுவிட்டுத் திரும்பியது.

பதினோரு நாள்தான் ஆகிறது, என்றாள் எடெல்மீரா,
நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள்.
அவள் கணவர் நிபால்தோ
துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.
கை ஏற்கெனவே காய்ந்திருந்தது.

வெள்ளைப் பீங்கான் சிங்க்,
ஒரு குழந்தையைக் குளிப்பாட்டலாம்.
அடியில் ஒரு விரிசல், தலைமுடி கிடப்பதுபோல.
முடி என்றே நினைத்து
மூன்று முறை நகத்தால் எடுக்கப் பார்த்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை பூமி ஆடியதே, அதுதான்,
என்றாள் கீழ்வீட்டு ஓத்தீலியா, கூப்பிடாமலே வந்து.
இந்த ஊரில் எது உடைந்தாலும்
பூமியின் பெயரில் எழுதிவிடலாம்.
பூமி மறுத்துப் பேசாது.
ஆனால் மேலே அலமாரியில்
ஒன்றுக்குள் ஒன்றாய் ஏழு கண்ணாடித் தம்ளர்
அசையாமல் நின்றிருந்தன.

உருளைக்கிழங்கு வெந்த நீரை
அப்படியே கொட்டியிருப்பாய், என்றான் மகன், தொலைபேசியில்.
கொட்டினேன்தான். பின்னே சிங்க் எதற்கு?

விரல்முட்டியால் தட்டினேன்.
இடப்பக்கம் ணங். வலப்பக்கம் ணங்.
நடுவில் மட்டும்
சளி கட்டிய தொண்டை.

பேனா மையைக் கொஞ்சம் நீரில் கரைத்து
பூசித் துடைத்தேன்.
நீலமாய் எழுந்து வந்தது மொத்தமும்:
வடிகால் ஓட்டையில் பிறந்து
மூன்று கிளையாய் மேலேறும் ஆறு.
மேலிருந்து அடி விழுந்தால் இப்படிப் பிளக்காது.
வெந்நீருக்கும் இந்தக் கையெழுத்து இல்லை.

டார்ச்சைப் பல்லில் கடித்து
மல்லாந்து அடியில் நுழைந்தேன்.
வாஷர் நசுங்கி நாக்குத் தள்ளியிருந்தது.
கையால் முடுக்கி நிறுத்தவேண்டிய பித்தளை நட்டில்
ஸ்பேனர் கடித்த தழும்புகள்.
சில புதிது, பளபளத்தன.
சிலவற்றைக் கடற்காற்று மங்கவைத்திருந்தது.
ஒரே நாளில் விழுந்த கடி இல்லை.

யாராவது மறுபடி இறுக்கினீர்களா?

அங்கிருந்து பார்க்க அவருடைய செருப்புகள் மட்டும்தான்.
வலது செருப்பு இடதின் பின்னால் ஒளிந்தது.

ராத்திரியில் சொட்டுகிறது, என்றார்.
சொட்டவே இல்லையே, என்றாள்.
நீ காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிடுவாய்.
எனக்குத்தான் கேட்கும்.
எழுந்து வந்து ஒரு கால் சுற்று.
நின்றதுபோல இருக்கும், படுப்பேன்.
மறுநாள் இன்னொரு கால் சுற்று.

குழாயைத் தடவிப் பார்த்தேன்.
உலர்ந்த தூசி. ஒரு சிலந்தி
நிம்மதியாகக் குடியிருந்தது.

கொஞ்சம் பேசாமல் இருங்கள் எல்லோரும், என்றேன்.
ஓத்தீலியாகூட இருந்தாள்.

டொக்.

சிங்கிலிருந்து அல்ல. சுவரோரம்,
பழைய ஃப்ரிட்ஜின் முதுகுக்குப் பின்னால்,
உருகிய பனி தகரத் தட்டில் விழுந்துகொண்டிருந்தது,
எத்தனை வருடமாகவோ.

நிபால்தோ அங்கே குனிந்து நின்றார் வெகுநேரம்.
பிறகு மனைவியின் கையைப் பிடித்திழுத்து
உள்ளங்கையை அடியில் ஏந்தவைத்தார்.
அடுத்த சொட்டுக்கு மூவரும் காத்திருந்தோம்.
விழுந்ததும் அவள், ஓ, என்றாள்.
இதுவா?
இதுதான்.

என் படிவத்தில் மூன்று கட்டங்கள்:
தயாரிப்பு, பொருத்தியது, உபயோகம்.
மூன்றாவதில் குறியிட்டு
அளவு மீறிய இறுக்கம் என்று எழுதினேன்.
கடை பணம் தராது. சொன்னேன்.
புதியது என்ன விலை என்று கேட்டாள்.
அதையும் சொன்னேன்.
தம்ளர்களையே சிறிது நேரம் பார்த்தாள்.

கிளம்பும்போது
மேசை இழுப்பறையைத் திறந்து அந்த ஸ்பேனரை எடுத்து
ஒன்றும் சொல்லாமல் என் பைக்குள் போட்டாள்.
அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.
நல்ல ஸ்பேனர். ஸ்வீடன் தயாரிப்பு.
நான் அதை எதற்கும் எடுப்பதில்லை.